குடியிருப்பவர்கள் நல்லவர்கள், வேலை வந்தது வீட்டுக்கு

வீடு – வாடகை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். வாடகை ஒழுங்காகத் தருகிற, வீட்டைச் சொந்த வீடுபோல் வைத்திருக்கிற குடும்பத்தை, பழுதுவேலைக்காகக் காலி செய்யச் சொல்ல வேண்டிய நிலை. காலி செய்யும் தரப்பிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது.

அம்மா பெயரில் மடிப்பாக்கத்தில் தனி வீடு, 2000-ல் கட்டியது. கீழ்த்தளத்தில் ஆறு வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறார்கள். ஐந்தாம் தேதிக்கு மேல் ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. பையன் எட்டாம் வகுப்பு, பெண் ஐந்தாம் வகுப்பு. ஹால் சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, ஒயரிங் பழசு, இரண்டு பாத்ரூமிலும் கசிவு. காலி பண்ணச் சொல்ல வாய் வரவில்லை. வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். இப்போது ஜனவரி. எப்படி, எப்போது சொல்வது?
– மடிப்பாக்கம் வாசகர்

சொல்வதற்கு முன்னால், வீடு உண்மையிலேயே காலியாக வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மொட்டை மாடிக் கசிவைத் தடுப்பது, வெளிப்பூச்சு, வெளி பெயின்ட், சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, காம்பவுண்டு சுவர் இவற்றுக்கெல்லாம் யாரும் வெளியேற வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இருப்பது வேறு வகை. வீடு முழுக்க ஒயரிங் மாற்ற ஒவ்வொரு அறையிலும் சுவரை வெட்ட வேண்டும். அந்தத் தூசியில் சமைக்க முடியாது, நாள் கணக்கில் ஃபிரிட்ஜும் ஓடாது. சீலிங் வேலை அதைவிட ஆபத்தானது. ஆக, காலி செய்யச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சீலிங்கில் நடந்திருப்பது இதுதான். மேலிருந்து ஈரம் இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெம்பித்தான் கான்கிரீட் உதிர்கிறது. அதன்மேல் வெறும் சிமென்ட் கலவையை அப்பினால் ஓரிரு மழைக்குள் கீழே வரும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் இடம் முழுவதையும் உறுதியான கான்கிரீட் வரும்வரை உடைக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழைய கான்கிரீட்டோடு ஒட்டுவதற்கான ரசாயனம் பூசி, பாலிமர் கலந்த கலவையை ஒரே தடவையில் அப்பாமல் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளித்து ஈரம் காட்ட வேண்டும். கம்பி கால் பங்கு அளவுக்குத் தேய்ந்திருந்தாலே பக்கத்தில் புதுக் கம்பி கட்டாமல் மூடக்கூடாது. முதலில் மேலே கசிவை அடைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு கீழே எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் நிற்காது.

இதில் இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்கள் இன்னும் சில மாதம் அந்தக் கூரையின் கீழ் இருக்கப் போகிறார்கள். தொங்கிக்கொண்டிருக்கும் காரையை ஒரு கொத்தனாரை விட்டு இந்த வாரமே தட்டி இறக்கிவிடுங்கள். அதன் அடியில் கட்டில், சோபா, பிள்ளைகள் படிக்கும் மேஜை எதுவும் வேண்டாம். ஒரு கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தளம் தொய்ந்திருக்கிறது, விரிசல் ஓடுகிறது என்று அவர் சொன்னால் முட்டுக் கொடுத்துவிட்டு, கீழே எழுதியிருக்கும் மாதக் கணக்கையெல்லாம் மறந்து உடனே காலி செய்ய உதவுங்கள்.

பொறியாளர் வந்து பார்க்கும்போது இன்னொன்றையும் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்: மதிப்பீடு. பணம் தயார், காண்ட்ராக்டர் தேதி கொடுத்துவிட்டார் என்ற நிலை வந்த பிறகே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். குடும்பத்தை அவசரமாகக் கிளப்பிவிட்டு, ஆளும் பணமும் அமையாமல் வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. உங்களுக்கு மாதம் 16,000 நஷ்டம். அவர்களுக்கோ, நம்மைக் கிளப்பத்தான் பொய் சொன்னார்கள் என்ற வருத்தம் கடைசி வரை போகாது.

காலத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல நேரம்தான். பள்ளி ஏப்ரலில் முடிந்து ஜூனில் திறக்கிறது. ஜனவரியில் சொல்லி, மே 31-க்குள் காலி என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுபடாது. வைகாசியில் அவர்கள் புது வீட்டில் பால் காய்ச்சிவிடலாம். ஆனியும் ஆடியும் உங்கள் வேலைக்கு. ஆடியில் எப்படியும் புதிதாக யாரும் குடிவர மாட்டார்கள் என்பதால் அந்த மாதம் வீடு காலியாக இருப்பது உங்களுக்கு நஷ்டமே இல்லை. ஆவணியில் வீடு தயார். மாடி வேலையும் ஐப்பசி மழைக்கு வெகு முன்பே முடிந்திருக்கும். காண்ட்ராக்டர் இரண்டு மாதம் என்றால் மூன்று என்று கணக்கு வையுங்கள். சீலிங், சுவர் வெட்டு, குழாய், ஒயர், பூச்சு, பாத்ரூம், டைல்ஸ், பெயின்ட் என்ற வரிசையில் ஒன்று தவறினாலும் அடுத்தவர் கைகட்டி நிற்பார்.

சொல்லும்போது நேரில் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகை வாங்கும் நாளாக இல்லாமல் பார்த்துப் போங்கள். புரோக்கர் வாயாலோ எதிர்க்கடையிலோ அவர்கள் முதலில் கேள்விப்படக்கூடாது. சீலிங்கைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம். அவர்களும் தினம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான். பேசி முடித்ததும் கையோடு கடிதம் கொடுங்கள். வீடு அம்மா பெயரில் இருப்பதாலும் ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும் என்பதாலும் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் இந்த அளவு போதும்:

'வீட்டின் மேல்தளத்திலும் ஒயரிங்கிலும் குழாய்களிலும் பெரிய வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்கள் குடியிருக்கும்போது அதைச் செய்ய இயலாது. ஆகவே மே 31-க்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பே வேறு வீடு அமைந்தால் எந்த நாளிலும் போகலாம். போகும் நாள்வரை உள்ள வாடகை போதும். அட்வான்ஸ் ரூ.1,00,000-ல் ரூ.50,000, நீங்கள் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் நாளில் தருகிறேன். மீதியை, அதுவரையிலான மின் கட்டணத்தை மட்டும் கழித்துக்கொண்டு, சாவி வாங்கும் நாளில் தருகிறேன். பெயின்ட், சுவர் ஓட்டை, டைல்ஸ் எதற்கும் பிடித்தம் இல்லை.'

இந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று, 'போகும் நாள்வரை உள்ள வாடகை போதும்'. பொறுப்பான குடும்பம் கெடுவுக்குக் காத்திருக்காது. மார்ச்சிலேயே வீடு பார்த்துவிடும். ஆனால் இங்கே மே வரை வாடகை கேட்பார்களோ என்று பயந்து கைக்கு வந்த நல்ல வீட்டை விட்டுவிடுவார்கள். இரண்டாவது, பாதி அட்வான்ஸ் முன்கூட்டியே. புது வீட்டுக்காரர் முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டுதான் சாவி தருவார். நீங்களோ சாவி வாங்கிக்கொண்டுதான் தருவீர்கள். நடுவில் அந்த ஒரு லட்சத்துக்கு அவர்கள் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அட்வான்ஸ் செலவாகிவிட்டது, மொத்தமாகத் தர வழியில்லை என்றால் பிப்ரவரியிலிருந்து மே வரை வாடகை வாங்காமல் கழித்துக்கொள்ளலாம். நான்கு மாதத்துக்கு 64,000 போக, மீதி 36,000-ஐ சாவி வாங்கும் நாளில் கொடுத்தால் போதும். மாதாமாதம் 'அட்வான்ஸில் கழித்தது' என்று ரசீது எழுதுங்கள். இதில் அவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு: மார்ச்சிலேயே வீடு அமைந்துவிட்டால் கையில் 32,000-தான் சேர்ந்திருக்கும். எது வசதி என்று அவர்களையே கேளுங்கள்.

ஆறு வருடம் வீட்டைக் காத்தவர்களுக்கு ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தாலோ, சாமான் ஏற்றும் வண்டிக் கூலியை ஏற்றுக்கொண்டாலோ அதில் தவறே இல்லை. சட்டம் கேட்கவில்லை, நாங்கள் பரிந்துரைக்கிறோம். இன்னும் ஒன்று, செலவில்லாதது: எத்தனை வருடம் இருந்தார்கள், வாடகை எப்படித் தந்தார்கள், வேலைக்காகத்தான் காலி செய்கிறார்கள் என்று உங்கள் கையெழுத்தில் நாலு வரி. புது வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வியே 'அங்கே ஏன் காலி பண்றீங்க' என்பதுதான்.

11 மாத ஒப்பந்தம் போட்டுக் குடிவைத்தேன். முடிந்து இரண்டு வருடமாகிறது, புதுப்பிக்கவே இல்லை. பதிவும் செய்யவில்லை. மாத வாடகை என்றால் 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறார்களே, சரியா?
– திருச்சி வாசகர்

அந்த 15 நாள், 1882-ஆம் ஆண்டு சொத்து உரிமை மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவில் வருவது. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் இப்போது நீங்கள் பார்க்க வேண்டியது, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017. பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது இது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய பழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லும் 1908 பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க வந்தது. புதுச் சட்டத்தில் அந்த வழி கிடையாது. மாதக் கணக்கு எத்தனையானாலும் பதிவு வேண்டும்.

கெடு முடிந்தும் புதுப்பிக்காமல் தொடர்ந்தால் பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் நீடிப்பதாக எடுத்துக்கொள்ளலாம், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம் என்கிறது சட்டம். உங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது. பழுதுவேலை, மாற்றிக் கட்டுதல், இடித்துக் கட்டுதல் ஆகியவை வீடு காலியானால்தான் நடக்கும் என்ற நிலை, வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு 21-வது பிரிவு ஏற்கும் காரணங்களில் ஒன்று. 'காலியானால்தான் நடக்கும்' என்பதை நீங்கள் காட்ட வேண்டும். பொறியாளரின் அறிக்கையும் மதிப்பீடும் அங்கேயும் உதவும்.

ஆனால் நல்லபடியாக இருக்கும் குடும்பத்தோடு நீதிமன்றம் வரை போவதற்கு என்ன இருக்கிறது? மூன்று நான்கு மாதம் அவகாசமும் அட்வான்ஸ் தேதியும் எழுதிக் கொடுத்து, அவர்களும் கையெழுத்திட்டால் விஷயம் முடிந்தது. அவர்கள் மறுத்தால் மட்டும் வாடகை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடம் போங்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு நீங்களே மனு எழுதிக்கொண்டு போக வேண்டாம். என்ன கோபம் வந்தாலும் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது கூடாது. அத்தியாவசிய வசதியைத் தடுத்ததாக வாடகை அதிகாரியிடம் புகார் போகும், தண்டத்தொகையும் வரும்.

வேலை முடிந்ததும் நாங்களே திரும்பி வருகிறோம், அட்வான்ஸ் உங்களிடமே இருக்கட்டும் என்கிறார்கள் குடியிருப்பவர்கள். எங்களுக்கும் சம்மதம்தான். ஏற்கலாமா? இப்போது வாடகை 14,000. இந்தத் தெருவில் புது வீடுகள் 19,000 போகின்றன.
– கோவை வாசகி

ஏற்கலாம், ஆனால் வாய்வார்த்தையாக வேண்டாம். 1960 சட்டத்தில் பழுதுவேலைக்காக வெளியேற்றப்பட்டவருக்குத் திரும்பக் குடியேறும் உரிமை இருந்தது. இப்போதைய சட்டத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் கொடுத்தால்தான் திரும்பி வர முடியும். பழைய நினைவிலேயே இருக்கும் குடும்பம், 'எப்படியும் திரும்பி வந்துவிடலாம்' என்று நம்பிக் கிளம்பும். நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

எழுத வேண்டியவை இவை. எந்தத் தேதிக்குள் வீடு தயாராகும்; காண்ட்ராக்டர் சொல்லும் தேதியோடு ஒரு மாதம் கூட்டிப் போடுங்கள். அந்தத் தேதி தாண்டினால் அவர்கள் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம், யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. புது வாடகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு. 'பார்த்துப் போட்டுக்கலாம்' என்று விடும் வாடகைதான் பின்னால் மனக்கசப்பாகிறது. வேலை முடிந்து வீடு பளபளவென்று நிற்கும்போது உங்களுக்கு 19,000 நியாயமாகத் தோன்றும், அவர்கள் மனதில் 14,000-தான் இருக்கும். இப்போதே 17,000, இரண்டு வருடம் என்று எழுதினால் இருவரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நம்பகமான குடும்பம் திரும்பி வருவதால் புரோக்கர் கமிஷனும் காலி மாதமும் உங்களுக்கு மிச்சம் என்பதால், 19,000-ல் நிற்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம்.

அட்வான்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடையில் இருக்கப்போகும் வீட்டுக்கும் அட்வான்ஸ் கேட்பார்கள். அதோடு, அவர்கள் பணம் உங்களிடம் இருக்கும்வரை, வேலை தாமதமானால் கிளம்பவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது என்று சிக்கிக்கொள்வார்கள். புது ஒப்பந்தம் எழுதும்போது திரும்ப வாங்குங்கள்; மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் வரம்பு, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்: வேலை நடக்கும் மாதங்களில் எங்கே இருப்பார்கள்? 11 மாதத்துக்குக் குறைந்து வீடு தர யாரும் விரும்புவதில்லை. சொந்தக்காரர் வீடோ, உங்களுடைய இன்னொரு போர்ஷனோ இருந்தால் இந்தத் திட்டம் நடக்கும். இல்லாவிட்டால் இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்குவதிலும் இரண்டு அட்வான்ஸிலும் அவர்கள் கை கரைந்துபோகும். அப்போது ஒரேயடியாக வேறு வீடு பார்ப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று ஓனர் காலி செய்யச் சொன்னார். ஒப்புக்கொண்டோம். இப்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு, 4,000 பாத்ரூம் டைல்ஸ் விரிசலுக்கு என்று கழிக்கிறார். அந்த டைல்ஸையே உடைத்துப் போடப் போகிறார். எட்டு வருடம் இருந்தோம். கேட்கலாமா?
– சேலம் வாசகி

தாராளமாகக் கேட்கலாம். முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும், கட்டடத்தின் பழுதும், குழாய் மாற்றுவதும், ஒயரிங்கும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதற்கும் இடமுண்டு. ஆகவே 'காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு' என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால், வழக்கம் என்பதற்காக அவர் கழிக்க முடியாது. இருந்தால், பெயின்ட் அடிக்க வேண்டியிருப்பது எங்களால் இல்லை, உங்கள் புதுப்பிப்பு வேலையின் பகுதிதானே என்று எடுத்துச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். பலர் இறங்கி வருவார்கள்.

டைல்ஸ் விஷயம் இன்னும் தெளிவு. எட்டு வருடப் புழக்கத்தில் தேய்வதும் விரிசல் விடுவதும் சேதம் ஆகாது. கனமான பொருளைப் போட்டு உடைத்திருந்தால் அது வேறு. மாற்றப்போகிற டைல்ஸுக்குப் பணம் கழிப்பதில் நியாயமே இல்லை.

செய்ய வேண்டியது: சாவி கொடுக்கும் நாளில் எல்லா அறையையும், மீட்டரையும் போனில் படம் எடுங்கள். எந்தப் பிடித்தத்துக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணோடு, மீதி எவ்வளவு வர வேண்டும் என்று கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றதற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேலும் இழுத்தால் வாடகை நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் மாட்டிய கீசர், ஏ.சி., தண்ணீர் வடிகட்டி, மின்விசிறி எல்லாவற்றையும் சாவி கொடுப்பதற்கு முன்பே கழற்றிக்கொள்ளுங்கள். உடைப்பு வேலை தொடங்கிய வீட்டில் பிறகு போய்த் தேட முடியாது.

எங்கள் வீட்டில் பாத்ரூம் ஒன்றில் மட்டும்தான் கசிவு. குடியிருப்பவர்களை அனுப்ப மனமில்லை. அவர்கள் இருக்கும்போதே செய்து முடிக்க முடியுமா? எத்தனை நாள் ஆகும்?
– மதுரை வாசகர்

வீட்டில் இன்னொரு கழிப்பறை இருந்தால் முடியும். இருப்பதே ஒன்றுதான் என்றால், மாடியில் உங்கள் பாத்ரூமைத் திறந்துவிடச் சம்மதமா என்று யோசியுங்கள். அதுவும் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம் என்று வைத்துக்கொண்டால் தரை 35 சதுர அடி. ஏழு அடி உயரத்துக்குச் சுவர், கதவு போக, ஏறக்குறைய 150. வெட்டுச் சேதத்தையும் சேர்த்து 200 சதுர அடி டைல்ஸ் வாங்குங்கள். இரண்டு மூன்று டைல்ஸ் எதிர்காலத்துக்கு எடுத்து வைக்கவும் அது உதவும். டைல்ஸ், குழாய், கழிப்பறைக் கோப்பை, வாட்டர்புரூஃபிங் டப்பா எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் முதல் அடி விழ வேண்டும். உடைத்துவிட்டுக் கடைக்கு ஓடினால் 14 நாள் வேலை ஒரு மாதமாகிவிடும்.

உடைக்கவும் குப்பை அள்ளவும் இரண்டு நாள். குழாய் போட இரண்டு நாள். சுவரை மூடுவதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதை பிளம்பர் தவிர்க்கப் பார்ப்பார், விடாதீர்கள். பிறகு பூச்சு, அது காய இரண்டு மூன்று நாள். அடுத்து வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட்: முதல் கோட் நெட்டுவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். தரையிலிருந்து சுவரில் ஒரு அடி உயரத்துக்கும், ஷவர் பக்கம் ஆறு அடி வரைக்கும் ஏற்ற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக்கிவிட்டு அடித்தால்தான் அங்கே கீறல் விடாது. அது காய்ந்ததும் வடிகாலை அடைத்து ஒரு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் கட்டி வையுங்கள். கீழ்ச் சீலிங்கிலோ, பக்கத்து அறைச் சுவரிலோ ஈரம் தெரியாவிட்டால் மட்டும் டைல்ஸ். இந்த 48 மணி நேரத்தைத்தான் எல்லோரும் அவசரத்தில் விடுகிறார்கள்; பாதிக் கசிவு புது பாத்ரூமிலும் தொடர்வதற்குக் காரணம் அதுதான். ஐந்து அடிக்கு முக்கால் அங்குல வாட்டம் வடிகாலை நோக்கி இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் விட்டு இடுக்கு நிரப்பி, மறுநாள் கோப்பையும் குழாய்களும் மாட்டலாம். மொத்தம் 14 முதல் 16 நாள்.

வீட்டுக்குள் ஆள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணையாகவே அனுப்பிவிடுங்கள்: எந்த நாள் யார் வருவார், தண்ணீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நிற்கும் என்று. உடைக்கும் வேலை காலை ஒன்பதுக்குப் பிறகு. பாத்ரூம் வாசலில் தார்ப்பாய்த் திரை, நடைபாதையில் சாக்கு, சாயங்காலம் கிளம்பும்போது சித்தாள் கூட்டிக் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் கூலியோடு பேசிவையுங்கள். அந்த மாத வாடகையில் பாதியைக் குறைத்துக்கொள்வது நியாயம்.

ஒயரிங் மாற்ற வைகாசியில் காலி செய்யச் சொல்லியிருந்தோம். இப்போது குடியிருக்கும் பெண் ஏழு மாதக் கர்ப்பம். என்ன செய்வது?
– தஞ்சாவூர் வாசகி

தள்ளி வையுங்கள். கர்ப்ப காலத்தில் வீடு மாற்றக் கூடாது என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வழக்கம் இல்லாத வீட்டிலும் அந்த நிலையில் மூட்டை கட்டச் சொல்வது சரியில்லை. பிரசவம் முடிந்து குழந்தைக்கு மூன்று நான்கு மாதம் ஆனபின் ஒரு தேதியை இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மார்கழி குறுக்கிட்டால் தை என்று போடுங்கள். அதுவரை ஒயரிங்கை அப்படியே விடவும் கூடாது. ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயின் போர்டில் மாட்டி, எர்த்திங்கைச் சோதித்து, சூடேறும் பிளக் பாயிண்டுகளை மாற்றிவிடுங்கள். அரை நாள் வேலை. பின்னால் முழு ஒயரிங் செய்யும்போது விளக்கு, விசிறிக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. ஒயர் என்று எழுதியே கொடுங்கள். இப்போது மாட்டும் ஆர்.சி.சி.பி.யையும் அப்போது பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஈ.பி. கணக்கெடுப்புக்கு நடுவில் காலி செய்கிறார்கள். கரண்ட் பில்லை எப்படிப் பிரிப்பது?
– தாம்பரம் வாசகர்

நாள் கணக்கில் பிரிக்காதீர்கள். நம் ஊர் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறுவது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடும். காலி செய்த பிறகு டைல்ஸ் வெட்டும் மெஷினும், ஈரம் காட்ட ஓடும் மோட்டாரும் அதே மீட்டரில் ஓடும். அந்தப் பில்லை நாள் கணக்கில் பிரித்தால் உங்கள் வேலைக்கான கரண்டுக்கு அவர்கள் பணம் கட்டுவார்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, கடைசிக் கணக்கெடுப்பிலிருந்து அன்றுவரை ஆன யூனிட்டுக்கு மட்டும் தனிப் பில் வந்தால் எவ்வளவு என்று மின்வாரிய இணையதளத்தில் உள்ள கணக்கிடும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை மட்டும் அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதியை அங்கேயே கையில் கொடுத்து, படத்தின் நகலையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.